முதல் பாடவேளையில் விளையாட்டு

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில், சித்தேரி மலைப் பிள்ளைகளும் கீழூர்ப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிற ஓர் அரசுப் பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியர். ஒன்பதாம் வகுப்புக்கு என் பாடவேளை எப்போதும் கடைசியில்தான் இருக்கும். இருக்கும் என்பது பேச்சுக்கு. மணி அடித்ததும் கணக்கு டீச்சர் வந்து நிற்பார்.

"சார், இன்னிக்கி மட்டும் குடுங்க. போர்ஷன் நிக்குது."

கொடுத்துவிடுவேன். வருடக்கணக்காக அப்படித்தான்.

போன ஜூனில் புதிதாக வந்த தலைமையாசிரியை, ஆசிரியர் கூட்டத்தில் கால அட்டவணையை மாற்றப் போவதாகச் சொன்னார். ஒன்பதாம் வகுப்புக்கு இனி முதல் பாடவேளை விளையாட்டு. கணக்கு இரண்டாவது. கடைசிப் பாடவேளையில் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே முடித்துக்கொள்ளலாம்.

"பசங்க வரும்போதே மூஞ்சி தொங்கிப்போய் வராங்க. மொதல்ல கொஞ்சம் ஓடட்டும்ங்க" என்றார்.

நான் கணக்கு டீச்சரைப் பார்த்தேன். காலை முதல் மணியை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவரோ தலையை ஆட்டிவிட்டு டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அங்கேதான் எனக்கு உறுத்தியது. முந்தின நாள் நான் தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்தபோது இவர்கள் இரண்டு பேரும் சட்டென்று பேச்சை நிறுத்தியதும் ஞாபகம் வந்தது. மதிப்பெண் குறைந்தால் கைகாட்ட ஓர் ஆள் வேண்டும், அதற்கு என்னைப் பிடித்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன்.

அடுத்த வாரமே அதற்குச் சாட்சி கிடைத்தது போலிருந்தது. மரவள்ளி போடுகிற ஒரு தகப்பனார் வண்டியை நிறுத்திவிட்டு நேராக மைதானத்துக்கு வந்தார்.

"காலங்காத்தால பந்து அடிக்கவா சார் புள்ளைய அனுப்பறேன்? யாரு பண்ண வேலைங்க இது?"

எச்.எம்.மைக் கேளுங்க என்றேன். அவர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். ஆனால் போகும்போது என்னைத்தான் முறைத்தார்.

இதற்கிடையில் கணக்கு டீச்சர் வேறு தினமும் வந்து சைக்கிள் கொட்டகை ஓரமாக நின்று மைதானத்தைப் பார்ப்பார். சற்று நின்றுவிட்டுப் போய்விடுவார். என்னை வேவு பார்க்கிறார் என்றே நம்பினேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"என்னா மேடம், தெனமும் வந்து பாக்கறீங்க? யாருகிட்டப் போய்ச் சொல்லணும்?"

"ஒங்களப் பாக்கலைங்க சார். அந்தப் பொண்ணப் பாக்க வரேன்."

அவர் காட்டிய பக்கம், மலை பஸ்ஸில் வந்து இறங்கிய பிள்ளைகள் பையைச் சுவரோரம் போட்டுவிட்டு ஆட்டத்துக்குள் கலந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒல்லியான ஒரு பெண், செருப்பைக் கழற்றிவிட்டு த்ரோபால் கோட்டுக்குள் ஓடினாள்.

"பஸ்ஸு என்னிக்கி நேரத்துக்கு வந்துது? நான் போர்டுல பாதிக் கணக்கு போட்டிருப்பேன், இதுங்க கதவாண்ட வந்து நிக்கும். மொத்த கிளாசும் திரும்பிப் பாக்கும். இந்தப் பொண்ணு கதவு வரைக்கும் வந்துட்டு, திரும்பிப் போய் கேட்டாண்ட ஒக்காந்துக்கும். போன வருசம் எட்டாவதுல பாதி நாளு வூட்லயே இருந்துட்டா. கிரவுண்டுக்குத்தான் கதவே இல்லியே. அதான் மாத்தச் சொல்லி எச்.எம்.கிட்ட நான் கேட்டேன்."

"அப்பறம் எதுக்கு எம் பீரியட வாங்கினீங்க இத்தினி நாளு?"

"காலைல இதுங்க வுட்டதை எப்பத்தாங்க சொல்லிக் குடுக்கறது?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா, இதுல எதோ இருக்குதுன்னு நெனப்பீங்க" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு நடந்தார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் பரீட்சை வரட்டும், பார்க்கலாம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். அரையாண்டுத் தேர்வு நெருங்கியது. ஒரு காலை அவர் கொட்டகை ஓரம் நிற்காமல் கோட்டுக்கே வந்துவிட்டார்.

"சார், ஒரு வாரம் மட்டும்…"

எதிர்பார்த்ததுதான். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக நான் தரவில்லை.

"மலை பஸ்ஸு இன்னும் வரலைங்க மேடம்" என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்தார். பிறகு, "சரிங்க" என்று திரும்பிப் போனார்.

அந்தத் தேர்வில் வகுப்பு ஒன்றும் பாய்ந்து முன்னேறிவிடவில்லை. அந்தப் பெண் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறினாள். ஆனால் வராமல் நின்ற நாட்கள் அவளுக்கு வெகுவாகக் குறைந்திருந்தன.

இந்த ஜூனில் அவர்கள் பத்தாம் வகுப்புக்குப் போனார்கள். புது அட்டவணையில் முதல் பாடவேளை விளையாட்டு வாரம் மூன்று நாளாகச் சுருங்கியிருந்தது. தலைமையாசிரியையிடம் கேட்டேன்.

"பொதுத்தேர்வு வருசம்ங்க சார். மூணு நாளு கண்டிப்பா உண்டு. மீதிய பாப்போம்" என்றார்.

அந்தப் பாப்போமை நான் நம்பவில்லை. மூன்று நாளும் மணி அடிக்கும் முன்பே போய் மைதானத்தில் நின்றுகொள்கிறேன்.