வாய் திறக்காமல் பார்த்த பிரசவம்

வாசலில் ஒரு நிபந்தனை

“உள்ள வா. ஆனா வாயத் தொறக்கக் கூடாது.”

கையில் பிரசவப் பெட்டி, தலையில் மழைக் கம்பளி, முழங்கால் வரை சேறு. அந்தக் கோலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்து பேச்சியம்மா சொன்ன முதல் வார்த்தை அது. உள்ளே அவருடைய மருமகள் மாரி இடுப்பு வலியில் கத்திக்கொண்டிருந்தாள்.

எழுபதுகளில், வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் மிட்வைஃப். எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். கிறிஸ்தவர்களை அங்கே ‘வேதக்காரங்க’ என்பார்கள். மலைக்கு வந்த சனம் அந்தப் பெயரையும் கூடவே கொண்டு வந்திருந்தது. எஸ்டேட் முழுக்க என் பெயர் ‘வேதக்கார நர்ஸு’.

அந்தப் பெயர் நிலைத்ததற்கு என் தொண்டையும் ஒரு காரணம். பிரசவத்துக்கு முன்னால் தாயின் வயிற்றில் கை வைத்து ஜெபம் பண்ணுவேன். சும்மா முணுமுணுப்பு இல்லை, அடுத்த லயத்துக்குக் கேட்கும். டிரெயினிங்கில் எனக்குச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் அப்படித்தான் செய்வார், நானும் அப்படியே பழகிவிட்டேன். ஜெபம் பண்ணாமல் கத்தரிக்கோலைத் தொட்டதே இல்லை. இந்துப் பெண்களே கேட்டு வாங்குவார்கள். “நர்ஸக்கா, அந்த நாலு வார்த்தையச் சொல்லுங்க, மனசு லேசாவும்” என்பார்கள்.

பேச்சியம்மா அந்த ரகம் இல்லை. கங்காணியின் சம்சாரம். கொழுந்துக்காட்டில் அவர் சொன்னதற்கு மறுபேச்சு கிடையாது. மாரியின் முதல் பிள்ளை போன வருஷம் அதே வீட்டில் பிறந்து, அழாமலே போய்விட்டது. மாரியின் அண்ணன் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வேதத்தில் சேர்ந்திருந்தான். குலசாமி கோபித்துக்கொண்டது என்று பேச்சியம்மா முடிவு கட்டிவிட்டார். இந்தப் பிள்ளைக்கு வேதக் காற்றே படக்கூடாது என்று, மாரியை என்னிடம் பரிசோதனைக்குக்கூட விடவில்லை.

அன்று காலையிலிருந்து வலி. பிள்ளை இறங்கவில்லை. மாரியின் புருஷன் செல்லையா அம்மாவுக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். டாக்டர் கோட்டயம் போயிருந்தார். வழியில் மண் சரிந்து கிடந்ததால் ஜீப்பும் போகாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்தேன். நடந்து வந்து நின்றால் இந்த வரவேற்பு!

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ‘ஜெபம் பண்ணாம நான் பிரசவம் பாக்கறதில்ல’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ரோஷக்காரி நான், திரும்பிப் போயும் இருப்பேன். அப்போது உள்ளேயிருந்து மாரி, “நர்ஸக்கா, போயிராதீய” என்றாள். ஆண்டவர் முகத்தில் காறித் துப்பினார்கள், அவரே ரோஷப்படவில்லை, உனக்கு என்னடி என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

“சரி பெரியம்மா, தொறக்கல” என்று செருப்பைக் கழற்றினேன்.

உள்ளே

பேச்சியம்மா மாரியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். மருமகளைப் பார்க்கவில்லை, என் உதட்டைத்தான் பார்த்தார். அது அசைகிறதா என்று காவல்!

“பெரியம்மா, கையக் கழுவுங்கன்னு மட்டும் சொல்லிக்கிடலாமா?” என்றேன்.

“ஏன், என் கைக்கு என்ன கேடு?”

“சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும். இல்லன்னா புள்ளையத் தொடக்கூடாது.”

முறைத்துக்கொண்டே கழுவினார்.

மனசுக்குள் ஜெபிக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். முயன்றேன். சத்தம் போட்டே பழகியவளுக்கு அது வரவில்லை, தொடங்கும் முன்பே அறுந்து போனது. எனக்குப் பயமாக இருந்தது. கை ஒடிந்தவள் மாதிரி வேலை செய்தேன்.

மரக்குழலை வயிற்றில் வைத்துக் கேட்டேன். பிள்ளையின் துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. “முக்கு தாயி, விடாத, முக்கு” என்றேன். அதற்கு பேச்சியம்மா ஆட்சேபம் சொல்லவில்லை. சொல்லப்போனால் என்னைவிடச் சத்தமாக அவரே சொன்னார்.

தலை வந்தது. கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. அதை விலக்கி வெளியே எடுத்தேன். ஆண் பிள்ளை. நீலம் பாரித்து, துணி மாதிரி துவண்டு கிடந்தது. முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலைச் சுண்டினேன். சத்தமே இல்லை. போன வருஷம் அந்த வீட்டில் கேட்ட அதே அமைதி. பேச்சியம்மாவின் முகம் செத்துப்போனது.

ரப்பர் குழாயால் சளியை உறிஞ்சி எடுத்தேன். அப்புறம் பிள்ளையின் வாயையும் மூக்கையும் சேர்த்து என் வாயால் மூடி, கன்னத்துக் காற்றை மட்டும் மெல்ல ஊதினேன். பலமாக ஊதக்கூடாது, பிஞ்சு நெஞ்சு தாங்காது. ஊதி, நெஞ்சு ஏறுகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்து, மறுபடி ஊத வேண்டும்.

“ஏட்டி வேதக்காரி!” பேச்சியம்மா அலறினார். “சொல்லுட்டி உன் சாமிகிட்ட! எல்லா வீட்லயும் சத்தம் போடுவியே, இப்ப சொல்லேன்! நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், சொல்லுட்டி!”

எனக்கும் ‘இயேசுவே’ என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் வாயை எடுத்தால் பிள்ளைக்குக் காற்று நின்றுபோகும். நான் எடுக்கவில்லை.

நான் அசையாததைப் பார்த்து அவரே தொடங்கிவிட்டார். மாடசாமியைக் கூப்பிட்டார், இசக்கியைக் கூப்பிட்டார். கடைசியில் தலையில் அடித்துக்கொண்டு, “ஏ நர்ஸோட சாமி! நீரும் வாருமய்யா!” என்றார்.

பிள்ளை விக்கியது. இன்னொரு தரம் விக்கியது. அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னச் சத்தம். அதுவே பெருகி லயம் முழுக்கக் கேட்கிற அழுகையானது. மாரி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. வாசலில் நின்ற செல்லையா மழையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு

எல்லாம் துடைத்து முடித்தபின் பேச்சியம்மா திருநீற்று மடலோடு வந்தார். வந்தவர் என்னைப் பார்த்துத் தயங்கி நின்றார். நான் பிள்ளையின் தலையைத் தூக்கிப் பிடித்து, “பூசுங்க பெரியம்மா” என்றேன். பூசினார்.

கருப்பட்டிக் காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். “ஏம்மா நர்ஸு, உள்ளுக்குள்ள என்னதான் சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல பெரியம்மா. எங்க நேரம்?”

“சொல்லாமலா வந்துச்சு உன் சாமி?”

“நீங்கதான் கூப்பிட்டீயளே” என்றேன். அவருக்கு வெட்கம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திரும்பி வரும்போது கவாத்து வெட்டிய தேயிலைக் காட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே நின்று, அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் தொண்டை கிழிய ஜெபித்துத் தீர்த்தேன். ஜெபமா அழுகையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவர்கள் வேதத்தில் சேரவில்லை. நானும் சேரச் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், “ஜெபம் பண்ணட்டுமா?” என்று முதலில் கேட்பேன். வேண்டாம் என்றால் வருத்தமில்லை, வேலையைப் பார்ப்பேன்.

மாரிக்கு அடுத்த பிள்ளை வந்தபோது பேச்சியம்மாவே ஆள் அனுப்பினார். வாசலில் நின்று, “பெரியம்மா, இந்தத் தடவ வாயத் தொறக்கலாமா?” என்றேன்.

“தாராளமாத் தொற. ஆனா மொதல்ல கையக் கழுவு, முழங்கை வரைக்கும்!” என்றார்.

இன்றைக்கு இளம் நர்ஸ்கள் என்னிடம் வந்து, நோயாளியிடம் ஆண்டவரைப் பற்றி எப்போது பேசலாம் என்று கேட்கிறார்கள். நோயாளியிடமே அனுமதி கேட்டுவிட்டுப் பேசு என்கிறேன். அதற்கும் முன்னால், போய்க் கையைக் கழுவிவிட்டு வா.