பியானோவுக்குள் கடலை வறுபடும் சத்தம்

மற்ற மெக்கானிக்குகளிடம் ரிப்பேரான பொருளைக் கொண்டுவந்து காட்டுவார்கள். என்னிடம் மட்டும் போனில் வாயாலேயே சத்தம் போட்டுக் காட்டுவார்கள். ஒருவர் நாக்கை மடித்து ‘டக் டக்’ என்பார். ஒருவர் தொண்டைக்குள் ‘கர்ர்’ என்று இழுப்பார். பியானோவுக்குள் யாரோ கடலை வறுக்கிறார்கள் என்று ஒரு அம்மா புகார் சொன்னார். பியானோ, வயலின், நாதஸ்வரம் எல்லாவற்றையும் மென்பொருளாக லேப்டாப்பில் ஏற்றி, கீபோர்டை அதில் சொருகி வாசிக்கிறவர்கள் இவர்கள். லேப்டாப் புதிது என்றால் தொல்லை இல்லை. நம் லேப்டாப் என்றைக்குப் புதிதாக இருந்தது? பாட்டில் நல்ல இடம் வரும்போது அது கரகரத்து, நாலு பேர் திரும்பிப் பார்த்து, நீங்கள் கீபோர்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் தேடியிருந்தால், நாம் உறவுக்காரர்கள். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் நம் ஜனம் நிறைய.

முதல் நோயாளி

முதல் நோயாளி நான்தான். ஒரு ஐ.டி. கம்பெனியில் கம்ப்யூட்டர் சப்போர்ட் வேலையை விட்டுவிட்டு, திருமுல்லைவாயில் ஃப்ளாட்டில் சும்மா இருந்த சமயம். பள்ளி நாளில் பாதியில் விட்ட கீபோர்டை மறுபடி தொடலாம் என்று, என் எட்டு வயது லேப்டாப்பில் ஒரு பியானோவை ஏற்றினேன். ஒரு கட்டையை அழுத்தினால் தேன். மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினால் படபடவென்று பொரிந்தது. ஒயரை மாற்றினேன், ஸ்பீக்கரை மாற்றினேன், லேப்டாப்பைத் திட்டினேன். நாலு நாள் இப்படியே போயிற்று.

ஐந்தாம் நாள் செட்டிங்கில் ‘பஃபர்’ என்ற இடத்தில் 64 என்றொரு எண்ணைப் பார்த்தேன். லேப்டாப் ஒரு தடவைக்கு எவ்வளவு சத்தத்தை அள்ளிவந்து ஊற்ற வேண்டும் என்கிற அளவு அது. பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவர் கையில் சின்ன வாளி கொடுத்தால், அவர் நிமிஷத்துக்கொரு தரம் சமையல்கட்டுக்கு ஓடுவார். திரும்பி வருவதற்குள் யாராவது வெறும் சோற்றோடு காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்புதான் ‘டப்’. லேப்டாப் கிழடு, அதனால் ஓட முடியவில்லை. அண்டா மாதிரி பெரிதாகக் கொடுத்தாலும் ஆகாது. தூக்கி வருவதற்குள் நேரமாகி, கட்டையை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் சத்தம் வரும். 256 என்று நடுவாக வைத்தேன். பத்து விரலையும் போட்டு அழுத்தினேன். ஒரு பிசிறு இல்லை. ஆளில்லாத ஹாலில் எழுந்து நின்று கைதட்டினேன். மறுநாள் மாடிப்படியில் மேல்வீட்டு விஜயாவிடம் மூச்சுவிடாமல் இதைச் சொல்லி முடித்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “இவ்ளோ நாளா நீங்க வடகம் பொரிக்கிறீங்கன்னு நெனச்சேன். தினமுமா பொரிப்பாங்கன்னு ஒரு சந்தேகம் இருந்துது.”

வீட்டில் நல்ல பிள்ளை

விஜயாதான் எனக்கு முதல் விளம்பரம். அவர் சொல்லி வந்தவர் செல்வராஜ். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருக்கிறார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர். அவர் லேப்டாப்பின் குணம் விசித்திரமானது. வீட்டில் மணிக்கணக்காக ஆர்கன் கணீரென்று பேசும். சர்ச்சுக்குப் போனால் இரண்டாவது பாட்டிலேயே கரகரக்கும். வீட்டுக்கு வந்தால் மறுபடி நல்ல பிள்ளை. இவர் கைதான் சரியில்லை என்று பாடகர் குழுவில் பேச்சு வந்து, வேறு ஆளைப் பார்க்கலாமா என்கிற வரைக்கும் போயிருந்தது. பன்னிரண்டு வருஷமாக வாசிக்கிற மனுஷன். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை ஒத்திகைக்கு நானும் போனேன். பஃபரைப் பார்த்தேன், சரி. கீபோர்டு, ஒயர், எல்லாம் சரி. ஒன்றும் புரியாமல் லேப்டாப்பைச் சுற்றி வந்தபோதுதான், அதன் பின்னால் சார்ஜர் இல்லாததைக் கவனித்தேன். பக்கத்தில் இருந்த ஒரே பிளக் பாயிண்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் கரண்டில் ஓடுகிற லேப்டாப், இங்கே பேட்டரியில் ஓடுகிறது. பேட்டரி என்றதும் அது சிக்கனம் பிடிக்க ஆரம்பித்து, தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறது. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவரச் செய்து சார்ஜரைச் சொருகினேன். பவர் செட்டிங்கையும் முழு வேகத்துக்கு மாற்றினேன். குழுவே பாடியது. நாலு பாட்டு, ஐந்து பாட்டு, ஆர்கன் அசையவில்லை. எனக்குக் கை கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. செல்வராஜ் மட்டும் அந்த பிளக்கையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “இதுக்கா சிஸ்டர், நாங்க மூணு வாரமா உபவாசம் இருந்து ஜெபிச்சோம்?”

நாலு டம்ளர்

பாபு கல்யாண மேடைகளில் வாசிப்பவன். அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவன், வாயைத் திறந்தாலே தெரியும். ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூந்தமல்லி மண்டபம் ஒன்றிலிருந்து போன் செய்தான். “யக்கா, பொட்டி துப்பிகினு கீதுக்கா. ஆறரைக்குப் பொண்ணு மேடைக்கு வருது.” பெண் நடந்து வரும்போது வாசிப்பதற்கென்றே ஒரு வயலின் மெட்டை அவன் ஒரு வாரமாகத் தயார் செய்திருந்தான். பெண்ணே கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டதாம்.

ஸ்கூட்டியை எடுத்தேன். வழியெல்லாம் வண்டி நெரிசல். மண்டபத்துக்குள் நுழையும்போது ஆறு அடித்துவிட்டது. சில விநாடிக்கொரு தரம் ‘டக்’. லேப்டாப்பின் வைஃபையை அணைத்தேன், அந்த ‘டக்’ நின்றது. இணைப்பு தேடித் தேடி நடுநடுவே அது வேலையைக் கெடுத்திருக்கிறது. ஜெயித்துவிட்டோம் என்று நிமிர்ந்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, வேறு மாதிரி கரகரப்பு. தொட்டுப் பார்த்தால் லேப்டாப் தோசைக்கல். மேடை விளக்குகள் நேராக அதன்மேல்; கீழே அழகுக்கு விரித்த வெல்வெட் துணி, காற்றுப் போகிற துவாரத்தை அடைத்திருந்தது. சூடு ஏறினால் லேப்டாப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். சமையல்கட்டுக்கு ஓடி நாலு எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்தேன். துணியை உருவி, டம்ளர்களைக் கவிழ்த்து, அவற்றின்மேல் லேப்டாப்பை வைத்து, சமையல்காரரின் டேபிள் ஃபேனையும் அதன் பக்கம் திருப்பினேன். வாசலில் பெண் வந்துவிட்டாள். பாபு என்னைப் பார்த்தான். வாசி என்று தலையை ஆட்டினேன்.

வயலின் எழுந்தது. பெண் நடந்து வந்த அந்த நீளம் முழுக்க ஒரு கீறல் இல்லை. பாதி வழியில் அவள் சிரித்தபடி கீபோர்டு பக்கம் திரும்பிப் பார்த்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர். அப்புறம் சாப்பாட்டு மேஜையில் பாபு சொன்னான்: “கூட்டமே பொண்ணப் பாத்துகினு இருந்துச்சு. நான் டம்ளரத்தான்க்கா பாத்துகினு இருந்தேன்.”

கேட்டதற்காக

இது சின்னது. அண்ணனூரில் முருகேசன் என்று ஒரு எலெக்ட்ரீஷியன், புல்லாங்குழல் மென்பொருளில் பைத்தியம். அவர் லேப்டாப்பைச் சரிசெய்ய இரண்டு நாள் எடுத்தேன். நன்றாக ஓடுகிறது, எதையும் தொடாதீர்கள் என்று கதவுவரை வந்து சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் காலையில் அதே கரகரப்போடு திரும்பி வந்தார். என்ன செய்தீர்கள் என்றேன். ஒன்றும் செய்யவில்லை என்றார். திறந்து பார்த்தால், சவுண்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் முதற்கொண்டு எல்லாமே புதிது. நான் நிமிர்ந்து பார்த்ததும் சங்கடப்பட்டுச் சொன்னார்: “அப்டேட் பண்ணவான்னு அதுவா கேட்டுச்சு மேடம். மரியாதைக்கு சரின்னேன்.”

நாலு ஆவர்த்தனத்துக்கு ஒரு தடவை

கலைவாணி டீச்சருக்குப் பார்வை கிடையாது. நெமிலிச்சேரியில் இருக்கிறார், பள்ளியில் பாட்டு சொல்லித் தருகிறார். திரையில் இருப்பதை லேப்டாப் ஒரு குரலில் படித்துச் சொல்லும். அதைக் கேட்டுக்கொண்டே எல்லாவற்றையும் தானே இயக்குவார். ஒரு இசைக் குழு ஆள் எடுக்கிறது, சாயங்காலம் ஐந்து மணிக்குள் வாசித்துப் பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்று கூப்பிட்டார். நான் போனபோது மணி பதினொன்று.

முதல் புகாரே என்னைத் திணறடித்தது. பியானோ சுருதி அரைக் கட்டைக்கு மேல் ஏறி ஒலிக்கிறது என்றார். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. பார்த்தால், மென்பொருள் ஒரு வேகத்திலும் லேப்டாப்பின் சவுண்டு வேறு வேகத்திலும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டையும் ஒன்றாக்கியதும் சுருதி இறங்கி உட்கார்ந்தது. பஃபர், வைஃபை, பவர் எல்லாம் பார்த்தேன். சரியாகிவிட்டது என்றேன். அவர் வாசித்தார், தலையை அசைத்தார். ஒரு சின்ன ‘டிக்’ இருக்கிறதாம். நான் காதை ஸ்பீக்கரில் ஒட்டிவைத்தும் கேட்கவில்லை. அவர் தொடையில் தாளம் போட்டபடி வாசித்துப் பார்த்து, அது நாலு ஆவர்த்தனத்துக்கு ஒரு தடவை, தப்பாமல் வருகிறது என்றார்.

தப்பாமல் வருகிறது என்றதும் எனக்குள் விளக்கெரிந்தது. அப்படியென்றால் லேப்டாப் ஏதோ ஒரு வேலையை மணியடித்த மாதிரி செய்கிறது. ஒவ்வொன்றாக நிறுத்தினேன், ஒவ்வொன்றுக்கும் அவர் தாளம் போட்டுக் கேட்டார். பிரிண்டர் இல்லை. புளூடூத் இல்லை. வைரஸ் காவலன் இல்லை. கடைசியில் அகப்பட்டது: பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று லேப்டாப் குறிப்பிட்ட நேரத்துக்கொரு தரம் எட்டிப் பார்க்கிறது. அந்தப் பார்வையை நிறுத்திவிட்டு, சார்ஜரிலேயே ஓடவிட்டேன். டீச்சர் எட்டு ஆவர்த்தனம் வாசித்தார். பன்னிரண்டு வாசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. என்னால் உட்கார முடியவில்லை, அந்தச் சின்ன அறையில் முன்னும் பின்னும் நடந்தேன்.

நாலே முக்காலுக்குப் பதிவு போய்ச் சேர்ந்தது, பத்து நாளில் அந்தக் குழுவில் அவருக்கு இடமும் கிடைத்தது. ஆனால் எனக்கு அன்று மதியம்தான் பெரிது. முதல் முறை முழுசாக வாசித்துவிட்டு, பதிவைப் போட்டுக் கேட்டு, கீபோர்டின்மேல் கையை வைத்தபடி அவர் சொன்னார்: “இப்ப கேக்கற தப்பெல்லாம் என்னோடது மட்டுந்தான். இருங்க, இன்னொரு தடவை வாசிக்கிறேன்.”

ஆக, நான் சரியாக வேலை செய்தேன் என்பதற்கு அடையாளம், நான் செய்தது எதுவும் யார் காதிலும் விழாமல் போவதுதான் என்கிற ஒரு தொழிலில் இவ்வளவு குதூகலமாக இருக்கிறேன் என்றால், கோளாறு லேப்டாப்பில் மட்டும் இல்லை.