வடக்குச் சுவரில் ஒரு மீன்

ஈனிட் மாட் தர்ட்டில் (1931–2012). இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் எங்கள் சாக்ஸ்லோ ஊரின் புனித மார்கரெட் ஆலயத்தில் மலர் அலங்காரம் செய்துவந்தவர். அதைவிட, ஆலயத்துக்கு ஒரு கழிப்பறை வேண்டுமென்று நெடுங்காலம் போராடியவர். அவருடைய கணவர் ஹொரஸுக்கு நீர்ப்பைக் கோளாறு. வழிபாடு முடியும்வரை அமர இயலாததால் அவர் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்தியிருந்தார்.

2003இல் ஒருவழியாகத் திட்டம் உருவாயிற்று. தெற்கு வாயிலுக்கு நேரெதிரே, வடக்குச் சுவரையொட்டி அறை எழுப்புவதென முடிவு. அவ்வாண்டு அறுவடைத் திருநாளுக்கு முந்தைய நாள், ஈனிட்டின் பூவாளி சரிந்து அச்சுவரில் நீர் தெறித்தது. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். சுண்ணாம்புச் சுவரை அப்படித் துடைக்கலாகாது என்று பிறரைக் கண்டிப்பவரே அவர்தாம். பூச்சு உரிந்து துணியோடு வந்தது. உள்ளே சிவப்பு வண்ணத்தில் ஒரு மீன். அதையடுத்து முழங்கை நீளத்துக்கு ஒரு மனிதப் பாதம்.

ஈனிட்டுக்கு உடனே புரிந்தது. வாயிலுக்கு எதிர்ச்சுவர், மீன், இராட்சதப் பாதம்: குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்த புனித கிறிஸ்தோபர். வழிப்போக்கர் வாயிலில் நின்றபடியே கண்டு செல்ல, அக்காலத்தவர் அவரை அங்கேதான் வரைவார்கள். முழு உருவமும் பூச்சுக்குள் நிற்கக்கூடும். நின்றால், கழிப்பறைக்கு அங்கே இடமில்லை.

ஆலயப் பொறுப்பாளரும் மணியடிப்போர் தலைவருமான பேசில் கேட்ச்போல், திருநாள் அலங்காரத்துக்கான பூசணியோடு நுழைந்தார்.

"பேசில், அதக் கீழ வச்சுட்டு இங்க வா."

"என்ன ஈனிட், சுவத்துக்கும் அலங்காரமா?"

"கிண்டல் அப்புறம். விரலப் பாரு."

மண்டியிட்ட பேசில் எழ மறந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒரு கை சுண்ணாம்பு அடிச்சா உன் கழிப்பற வந்துடும்."

"ஐந்நூறு வருஷமா நிக்கிறாருப்பா. மூஞ்சியப் பாக்காம எனக்குத் தூக்கம் வருமா? போய் மேலிடத்துக்கு போன் போடு."

"அப்ப ஹொரஸு?"

"கோபுரத்தடியில உங்க ஆளுங்க டீ குடிச்சு அரட்டையடிக்க ஒரு அறை இருக்கே, அது போதும்."

"அது மணி அடிக்கிற எடம்மா."

"மாடியில நின்னு அடிங்க. கயிறு இழுக்கிறவனுக்கும் வயசாகுது பேசில். நாளைக்கு நீயே ஓடி வருவ."

பேசில் சிரித்துவிட்டார், போன் செய்யவும் போனார்.

வல்லுநர்கள் இரண்டு கோடைகள் சுரண்டினார்கள். தாடி வந்தது, கண் வந்தது, தோளில் குழந்தை வந்தது. ஒவ்வொரு மாலையும் ஊரே வாயிலில் திரண்டது. கோபுரத்தடியில் கழிப்பறை திறந்த ஞாயிறு, ஹொரஸ் மனைவியின் கைபிடித்து வந்து, கிறிஸ்தோபருக்கு எதிர் இருக்கையில் இறுதிப் பாடல்வரை அமர்ந்திருந்தார்.

அதன்பின் ஒவ்வோர் அறுவடைத் திருநாளுக்கும் ஈனிட், பூவாளியைச் சுவரைவிட்டுத் தள்ளியே வைத்து, அந்தப் பாதத்தடியில் பூ வைத்தார். கடைசியாக வைத்தது 2011 அக்டோபர் 1, சனிக்கிழமை.