திரும்பி வராத தூக்கு

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப்போனது. ஆறும் தலை நிமிர்ந்து நடக்கிறதுகள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஒரு வரிக்கு ஒரு வெற்றிலை ஆகிவிடும். ஆனாலும் இதை என் கையாலேயே எழுத வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு அடையாற்றங்கரையில் குடிசை. காலையில் பாலம் தாண்டிப் போய் மயிலாப்பூரில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்ப்பேன். ஒரு மத்தியானம் திரும்பும்போது பாலத்தடியில் குடையோடு ஒரு பெண் நின்றிருந்தார். மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவராம். குடிசைப் பிள்ளைகளுக்கு ரத்தம் ஏன் வெளுத்துப்போகிறது என்று ஆராய வந்திருந்தார். உள்ளே கூட்டிப்போக ஆள் தேடினார். நான் கூட்டிப்போனேன். அன்றிலிருந்து வாராவாரம் அவருக்கு முன்னால் நான்தான் நடப்பேன். என் முகத்துக்காகத்தான் சனங்கள் அவருக்குப் பாய் போட்டார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

வந்ததும் விரலில் குத்த மாட்டார். உட்கார்ந்து எதற்கு என்று விளக்குவார். பிறகு, "இன்னிக்கே பதில் சொல்ல வேண்டாம். உங்காத்துல கலந்து பேசிட்டு அடுத்த வாரம் சொல்லுங்கோ. வேண்டாம்னாலும் மருந்து உண்டு" என்று எழுந்துவிடுவார்.

பக்கத்துக் குடிசை அக்கா மீன் விற்கிறவள். அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது. "இன்னாமே இது, வெரல்ல குத்தறதுக்குப் பொண்ணு கேட்டு வந்தா மாரி கேட்டுக்கினு கீது!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், டாக்டரம்மாவும் சிரித்தார். அக்கா விடவில்லை. "இதுக்கு முன்னாடி வந்தவனுங்களும் ரத்தத்த எடுத்துக்கினு போனானுங்க. இன்னா கண்டுபுடிச்சானுங்கன்னு ஒருத்தனாவது வந்து சொன்னானா? நாங்க அடுத்த வூட்டுப் பாத்திரத்தக் கூட காலியா திருப்பித் தர மாட்டோம், தெரிஞ்சிக்கோ."

போகும் வழியில் டாக்டரம்மா என்னிடம், "அது என்ன பாத்திரம்?" என்று கேட்டார். ஒரு வீட்டிலிருந்து குழம்பு வந்தால், கழுவின கிண்ணத்தில் ஒரு பிடி அரிசியோ கொஞ்சம் சர்க்கரையோ போட்டுத்தான் திருப்பிக் கொடுப்போம், எங்களிடம் அது வழக்கம் என்றேன். "எங்காத்துலயும் அப்படித்தான்" என்றார். பஸ் ஏறும்போது, "ரிசல்ட் வந்ததும் நானே வந்து சொல்றேன்" என்றார்.

சம்மதித்தவர்களின் பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்துப்போய், சொன்னபடி திரும்பி வந்தார். ஒவ்வொரு தாயையும் தனியாக உட்காரவைத்து, அவள் பிள்ளையின் ரத்தத்தைப் பற்றி அவளிடம் மட்டும் சொன்னார். மீன்கார அக்காவின் பிள்ளைக்கு மோசம் என்றதும் தானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அதற்குப் பிறகு அக்கா அவர் உட்காரும் இடத்தைத் தன் முந்தானையால் துடைப்பாள்.

ஒரு நாள் அவருடைய மேலதிகாரி ஜீப்பில் வந்தார். சேறு படும் என்று இறங்காமலே, "இதுங்க கிட்டப் போய் ரிசல்ட் சொல்லி என்னம்மா ஆகப்போகுது? கட்டுரைய முடிங்க" என்றார்.

"ரத்தம் அவாளோடது சார். அவாளுக்குச் சொல்லிட்டுதான் எழுதுவேன்."

டாக்டரம்மா குடையை அழுத்தி ஊன்றினார். குடையின் முனை சேற்றில் புதைந்துகொண்டே போனது. ஜீப் போனபிறகு என்னிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

மாத்திரை கொடுத்துச் சில மாதம் கழித்து இரண்டாம் முறை குத்தினார். ரத்தம் வெளுத்திருந்த என் கடைசிப் பெண்ணுக்குத் தேறியிருக்கிறதா என்று அப்போதுதான் தெரிய வேண்டும். அன்று கேழ்வரகு அடை தட்டி, என்னிடம் இருந்த ஒரே எவர்சில்வர் தூக்கில் போட்டுக் கொடுத்தேன்.

"தூக்கு எங்கிட்டயே இருக்கட்டும், ரிசல்ட் சொல்ல வரச்சே கொண்டு வரேன்" என்றார்.

"காலியா வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்றேன். பஸ் படியில் நின்று தலையாட்டினார்.

அடுத்த வாரமே மழை பிடித்தது. ஆறு ஏறி எங்கள் குடிசைகளை வாரிக்கொண்டு போனது. எங்களை லாரியில் ஏற்றித் தரமணிப் பக்கம் விட்டார்கள். மீன்கார அக்கா மட்டும் பாலத்தடிக்கே வியாபாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு மாதம் கழித்து வந்து சொன்னாள்: "உன் டாக்டரம்மா கரையில நின்னுக்கினு இருந்துச்சாம்டி. கையில தூக்காம். எங்க போனாங்கன்னு எல்லாரையும் கேட்டுச்சாம். பொட்டிக்கடைக்காரன் இப்பதான் சொல்றான், பாவி."

அவர் வீடு மயிலாப்பூர்ப் பக்கம் என்று மட்டும் சொல்லியிருந்தார், மறுநாளே போனேன். மாட வீதி நாலையும் சுற்றினேன், குளத்தங்கரைச் சந்துகளிலும் நடந்தேன். யாரிடம் என்னவென்று கேட்பது? அவர் பேரை நான் கேட்டதே இல்லை. டாக்டரம்மா என்றால் டாக்டரம்மாதான். கல்லூரி வாசலில், குடிசைகளுக்கு வருகிற டாக்டரம்மா என்று அடையாளம் சொன்னதும் காவல்காரன், அந்த அம்மா வெளிநாட்டுக்குப் போய்விட்டது என்றான். ஏழைகளிடம் ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அங்கே பாடம் சொல்கிறார் என்பது பல வருடம் கழித்து ஒரு நர்ஸ் சொல்லித் தெரிந்தது.

என் பெண் தேறிவிட்டாள். இப்போது அவளுக்கே நரைத்துவிட்டது. ரிசல்ட்டு எனக்கு வேண்டாம். தூக்கும் வேண்டாம், வீட்டில் எத்தனையோ இருக்கிறது. ஆனால் அடை தட்டும் நாளில் எல்லாம் ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடுகிறது. அன்றைக்கு அந்தக் கரையில் நின்றபோது தூக்கில் என்ன போட்டுக்கொண்டு வந்திருப்பார்? காலியாக வந்திருக்க மாட்டார், அது எனக்குத் தெரியும். அரிசியா, சர்க்கரையா? அதை எந்தத் திண்ணையில் கொட்டினாரோ, இல்லை அப்படியே வெளிநாட்டுக்கு எடுத்துப்போனாரோ. அவர் கையால் வாங்கித் திறந்து பார்த்திருக்க வேண்டும் நான்.

எழுதி முடித்துப் பேத்தியைக் கூப்பிடுகிறேன். கண்ணு, இங்கே வா. நான் எழுதினதை வாய்விட்டுப் படி. அவர் பஸ் படியில் நின்று தலையாட்டுகிற இடம் வந்தால் கொஞ்சம் நிறுத்திப் படி.