ஜீப் நின்ற பிறகும் கேட்ட சத்தம்

மாமாவின் ஜீப்பில், முன்கண்ணாடிக்குக் கீழே ஓடும் கம்பியில், சிவப்பாக ஒரு சின்ன ஸ்பீக்கர் கட்டியிருக்கும். போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடையில் ஆசையாக வாங்கியது. கட்டியிருந்த துணி என் அம்மாவின் பழைய சேலைக் கிழிசல். மாமா அம்மாவின் தம்பி. விடிந்தும் விடியாமலும் போடியில் ஆள் ஏற்றி, போடிமெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டங்களில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவது அவருடைய தொழில். அம்மாவும் காய் எடுக்க அந்த ஜீப்பில்தான் போவாள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் உட்காரலாம் என்று ஒரு சட்டம் இருப்பதே எங்கள் ஊரில் யாருக்கும் நினைவு வராது.

நான் மதுரையில் இருக்கும் ஒரு சின்ன கேம் கம்பெனிக்கு, போடி வீட்டிலிருந்தபடியே ஒலி வேலை செய்துகொண்டிருந்தேன். மூடுபனிக்குள் மலைச்சாலையில் ஜீப் ஓட்டுகிற விளையாட்டு. அதில் வரும் உறுமல், கியர் விழும் சத்தம், ஹாரன் எல்லாமே மாமாவின் ஜீப்பில் எடுத்தவை. எதிரே வரும் வண்டி எங்கே ஹாரன் அடிக்கும் என்பதை மட்டும் கேமை இயக்கும் மென்பொருளின் இஷ்டத்துக்கு விட்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வரும். விளையாடுகிறவருக்குத் திக்கென்று இருக்க வேண்டுமில்லையா? கம்பெனியில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. மாமாவுக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை. "நம்ம ரோட்ட காசு குடுத்து ஓட்டுவாய்ங்களா? நமக்கு ஓட்டுனாத்தானே பாப்பா காசு" என்றார்.

அவருடைய போனில் அந்த விளையாட்டு திறக்கவே இல்லை. "படமெல்லாம் எனக்கு எதுக்கு? சத்தத்த மட்டும் கொண்டா" என்றார். விளையாட்டு ஓடும்போது பிறக்கும் சத்தமெல்லாம் கடைசியில் ஒன்றாகக் கலந்துதான் வெளியே வரும். அந்த இடத்தில் பதிவை ஓடவிட்டு, நானே உட்கார்ந்து அடிவாரத்திலிருந்து மேலே வரை ஓட்டினேன். ஓட்டி முடித்ததும் பதிவை நிறுத்தி, பெயர் கொடுத்து, கோப்பாகச் சேமிக்க வேண்டும். அதற்கு முன்னால் விளையாட்டை மூடினால் எல்லாம் போச்சு. முதல் தடவை மூடித் தொலைத்தேன். மறுபடி பொறுமையாக ஓட்டி, சேமித்து, மாமாவுக்கு அனுப்பினேன். அவர் அதை டீக்கடையில் ஒருவர் விடாமல் கேட்கவைத்து, "ஹாரன் யாருதுன்னு தெரியுதா?" என்று பரீட்சை வைத்துக்கொண்டிருந்தார்.

மலைக்குப் போகிற ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. மேகம் இறங்கிவிட்டால், கொண்டை ஊசி வளைவு வரும்போது பேச்சு நின்றுவிட வேண்டும். யாரும் சொல்லமாட்டார்கள், தானாக நிற்கும். மாமியாரைத் திட்டிக்கொண்டு வருகிற பெண்கூடப் பாதித் திட்டில் வாயை மூடிக்கொள்வாள். மாமா ஹாரன் அடித்துவிட்டுத் தலையை வெளியே நீட்டிக் கேட்பார். மேலிருந்து பதில் ஹாரன் வந்தால் நின்று வழிவிடுவார். வராவிட்டால் ஏறுவார். வளைவு தாண்டியதும் மாமியார் திட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். பனிக்குள் கண்ணை நம்பி யாரும் அந்த மலை ஏறியதில்லை.

ஒரு வாரம் கழித்து, மேட்டில் வீசும் காற்றைப் பதிவு செய்ய நானும் கிளம்பினேன். முன்சீட்டில் மாமாவுக்குப் பக்கத்தில் நான். அம்மா பின்னால், வாசல் ஓரத்தில். பாதி மலை ஏறியதும் மேகம் சூழ்ந்துகொண்டது. மாமாவுக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. "பாப்பா செஞ்சத எல்லாரும் கேளுங்க" என்று என் பதிவை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். ஜீப்புக்குள் இன்னொரு ஜீப் ஏற ஆரம்பித்தது. ஒரு வளைவில் ஹாரன் கேட்டது. பெண்கள் கப்சிப் ஆனார்கள். மாமா ஸ்பீக்கரைக் காட்டி, "அடிச்சது இவருதேன்" என்றார். ஜீப்பே குலுங்கச் சிரித்தார்கள். அடுத்த வளைவில் இன்னொரு ஹாரன். அதுவும் ஸ்பீக்கர்தான். இந்தத் தடவை யாரும் பேச்சை நிறுத்தவில்லை. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

மூன்றாவது ஹாரன் கேட்டபோது நான் ஸ்பீக்கரைத்தான் பார்த்தேன். மாமாவும் ஸ்பீக்கரைத்தான் பார்த்தார். வேகத்தைக் குறைக்கவில்லை. பனிக்குள்ளிருந்து மஞ்சளாக இரண்டு வெளிச்சம், முகத்துக்கு நேராக. மாமா ஜீப்பைப் பாறைப் பக்கம் ஒடித்தார். தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. லாரி எங்களை உரசிக்கொண்டு இறங்கிப் போனது. ஜீப் சக்கரம் ரோட்டோர ஓடைக்குள் இறங்கி என்ஜின் அணைந்துவிட்டது. அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

யாரும் அழவில்லை, அசையவில்லை. ஆனால் ஜீப் ஏறிக்கொண்டே இருந்தது. கியர் மாறியது, உறுமியது, வளைவில் ஹாரன் அடித்தது. எங்கள் வண்டி பாறையில் சாய்ந்து கிடக்க, அதன் சத்தம் மட்டும் எங்களை விட்டுவிட்டு மேலே போய்க்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. செத்துப்போய்விட்டோமோ என்றுகூடத் தோன்றியது. கடைசியில் பின்னாலிருந்து அம்மாவின் குரல்தான் வந்தது. "தம்பி, அதை நிப்பாட்டுப்பா." அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை விடவில்லை. நான்தான் நிறுத்தினேன்.

சிராய்ப்போடு எல்லோரும் தப்பினோம். மாமா ஸ்பீக்கரை அவிழ்த்து எறிந்தார். ஜீப்பைச் சரிசெய்து ஓட்டவும் ஆரம்பித்தார். ஆனால் அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டார். ஹாரன் கேட்டால், "யக்கா, இது நெசமா?" என்பார். அம்மா ஆமாம் என்றால்தான் நிற்பார். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அந்த மலைக்கே சொல்லக்கூடியவர், வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

மழைக்காலத்தில் ஒருநாள் வளைவில் வண்டியை நிறுத்திவிட்டாராம். "யக்கா, லாரி வருது, கேக்குதா?" அம்மாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் இருந்தவர்களுக்கும் கேட்கவில்லை. "அடிச்சுக்கிட்டே இருக்கான், ஒங்களுக்குக் கேக்கலையா?" என்று மறுபடி கேட்டாராம். மேகம் விலகும்வரை எல்லோரும் அங்கேயே காத்திருந்தார்களாம். ஒரு வண்டியும் வரவில்லை. சாயங்காலம் எல்லோரையும் பத்திரமாக இறக்கிவிட்டு, சாவியை அம்மா கையில் கொடுத்துவிட்டார். அதன்பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இப்போது போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் காவலுக்கு இருக்கிறார்.

ஜீப்பை விற்றாயிற்று. மலைக்குப் போவதை அம்மாவால் விடமுடியாது. பிழைப்பு அங்கேதான் இருக்கிறது. பக்கத்துச் சிலமலை ஊர்க்காரப் பையன் ஒருவன் ஓட்டுகிற ஜீப்பில் போகிறாள். கிளம்பியதிலிருந்து இறங்கும்வரை பாட்டை அலறவிட்டுத்தான் ஓட்டுகிறான் என்று தானே ஒருநாள் சொன்னாள். எனக்குப் பகீரென்றது. வளைவிலாவது நிறுத்தச் சொல்லக் கூடாதா என்று கத்தினேன்.

அம்மா தூக்குச்சட்டியை மூடிக்கொண்டே சொன்னாள்: "சொன்னேன் ஆத்தா. பாட்டு இல்லைன்னா தூக்கம் வருதுங்குறான்."