தறிக்குழிக்குள் அரையாண்டு விடுமுறை

பத்தாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை முடிந்த மறுநாளே அக்கா கலசப்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள், என்னைக் கையோடு கூட்டிப்போக. அங்கே அவள் டீச்சர். மேசை, நாற்காலி, எனக்கென்று தனி அறை, சுற்றிலும் அமைதி. ஆரணியில் எங்கள் வீட்டிலோ இரண்டு தறிகள் போக மிஞ்சிய இடம்தான் எங்களுக்கு. மார்ச்சில் பொதுத்தேர்வு. யாரைக் கேட்டாலும் அக்கா வீட்டைத்தான் சொல்வார்கள்.

நான் மட்டும் மாட்டேன் என்றேன். காலாண்டு விடுமுறையில் அந்த மேசையைத்தான் நம்பினேன். பாதி நாள் அதன் மேல் தலை வைத்துத் தூங்கினேன். சத்தமே இல்லாத இடத்தில் எனக்குக் கணக்கு ஓடாது.

தவிர, அந்த டிசம்பரில் எனக்கு ஓர் அதிர்ஷ்டம். அம்மாவின் தறியில் சேலை அறுத்தாகிவிட்டது, தறியில் ஏற்ற அடுத்த பாவு நூல் தை பிறந்துதான் வரும். ஆக, அவள் கால் வைத்து மிதிக்கும் குழி காலி! விளிம்பில் உட்கார்ந்து கால்களை உள்ளே விட்டேன். வெளியே பனி கொட்டினாலும் குழிக்குள் கதகதவென்று இருந்தது. துணி சுற்றும் மரத்தின் மேல் உடைந்த ஜன்னல் கதவைப் போட்டேன், மேசை தயார். தலைக்கு மேலே கிறிஸ்துமஸ் ஸ்டார். பக்கத்தில் அப்பாவின் தறி டடக், டடக் என்று ஓட, என் கணக்கும் ஓடியது.

அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். “என்னாடி இது, பெருச்சாளி மாதிரி குழிக்குள்ள குந்திகினு!”

“வந்து குந்திப் பாரு, அப்பறம் பேசு.”

“பேஜார் பண்ணாத. துணிய எடுத்து வை.”

அம்மா அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுத்தாள்: “நீதான் டீச்சராச்சே, ஒரு பரீட்சை வெச்சுப் பாரேன்.”

அக்காவுக்கு அது பிடித்துவிட்டது. கணக்குத் தாள், இரண்டரை மணி நேரம். நூற்றுக்கு எண்பது வேண்டும், ஒரு மார்க் குறைந்தாலும் மத்தியான பஸ்ஸில் நான் கலசப்பாக்கம். சரியென்றேன். வினாத்தாளை எழுதிக் கையில் கொடுத்ததும் அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

“தறிய நிறுத்துப்பா. பரீட்சை ஹால்ல சத்தமா கீது?”

அப்பா என்னைப் பார்த்தார், ஊடு நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தார்.

வீடு கப்சிப். முதல் கணக்கே நகரவில்லை. இரண்டாவதும் அப்படியே.

“இன்னா, மார்ச்சுல ஹாலுக்குத் தறிய தூக்கிகினு போவியா?” என்றாள் அக்கா.

குழிக்குள் என் கால்கள் மிதிக்கட்டைகளைத் தேடிக் கண்டுபிடித்தன. இடது, வலது. இடது, வலது. பாவு இல்லாத தறி, சத்தமும் இல்லை. இருந்தும் டடக், டடக் உடம்புக்குள் கேட்டது. மூன்றாவது கணக்கு விழுந்தது, நான்காவது விழுந்தது, திரும்பிப் போய் முதல் இரண்டையும் முடித்தேன். அப்புறம் பேனாவை நிறுத்தவே இல்லை.

“அது என்னாடி கால் ஆட்டம்?”

“தறி வராதுக்கா. காலு எங்கூட ஹாலுக்கு வருமில்ல?”

அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தாளைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், அக்கா என் இடத்தில்! கால்களைக் குழிக்குள் விட்டு, என் ஜன்னல் கதவின் மேல் தாளைப் பரப்பி, சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருந்தாள். தொண்ணூற்று மூன்று என்று எழுதினாள். இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள், குறையவில்லை.

“அப்பா, நீங்க நெய்யுங்க!” என்று கத்தினேன். தறிச் சத்தம் மறுபடி எழுந்தது.

என் துணிக்காகக் கொண்டுவந்த பை மூலையில் காலியாகக் கிடந்தது. மத்தியான பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று அம்மா ஞாபகப்படுத்தினாள்.

“நாளைக்குப் போறேம்மா,” என்றாள் அக்கா, குழியிலிருந்து காலை எடுக்காமல்.

“பெருச்சாளி, எழுந்திரு. என் இடம்,” என்றேன்.

கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.