கேட்காமல் தைத்த அங்கி

அவர்கள் சபை ஒரு விஷயத்தில் ரொம்பக் கறார். ஞானஸ்நானம் எடுக்கப் போகிறவர் தானாக வந்து அளவு கொடுத்தால்தான் வெள்ளை அங்கி தைக்க வேண்டும். பெண்டாட்டி வந்து கெஞ்சினாலும் நடக்காது. ஊருக்கெல்லாம் அங்கி தைத்த தையல்காரம்மாவுக்குத் ஞானஸ்நானம் எடுங்க என்று கேட்டபோதெல்லாம் தன் புருஷனிடமிருந்து கடைசிவரை கிடைத்த பதில் "பாக்கலாம்" மட்டும்தான். கல்யாணமான புதிதில் அவருடைய சட்டையை வைத்து அளவெடுத்து, யாருக்கும் தெரியாமல் ஒன்றைத் தைத்துப் பெட்டியின் அடியில் போட்டு வைத்திருந்தாள்.

இன்று காலை அவர் போய்விட்டார். அவளுக்கு அழுகை வரவில்லை. கால் மட்டும் இன்னும் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பது போலிருந்தது.

உடலுக்கு இந்தப் பக்கம் அவள் அண்ணனும் அந்தப் பக்கம் போதகரும் நின்று மல்லுக்கட்டினார்கள்.

"உலகம் உண்டாகறதுக்கு முன்னாடியே ரட்சிக்கப்படறவங்க யார் யாருன்னு ஆண்டவர் குறிச்சாச்சு. மாப்பிள்ளை அதுல இல்லை, அவ்வளவுதான்," என்றார் அண்ணன்.

"கதவு தொறந்துதாங்க இருந்துச்சு. விசுவாசிச்சு அவராத்தானே உள்ள வந்திருக்கணும்?" என்றார் போதகர்.

எத்தனை பேசினாலும் இரண்டு பேரும் அவரை வெளியில்தான் நிறுத்தப்போகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. எழுந்து போய் அங்கியை எடுத்து வந்தாள்.

போதகர் திடுக்கிட்டார். "இதை அவராவே கேட்டாரா?"

"இல்லை. நானாத்தான் தெச்சேன்."

இத்தனை வருஷத்தில் அவர் பருத்துவிட்டிருந்தார், தோள் பற்றாது. கத்தரிக்கோலை எடுத்து முதுகுப்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வெட்டினாள்.

"அண்ணே, நீ அந்தக் கையைத் தூக்கு. ஐயா, நீங்க இந்தக் கையைத் தூக்குங்க. அவரா தூக்க மாட்டாரு."